‘டிப் ஓஃப்’ என்னும் சொல்லும் வண்ணாத்திவில்லுவிலிருந்து வந்த எச்சரிக்கையும்

கற்பிட்டிக் கடலில் பீடி இலை மூட்டைகள் பிடிபட்டாலும், காட்டோரத்தில் கசிப்பு வடிக்குமிடம் முற்றுகையிடப்பட்டாலும், நமது பத்திரிகைகளில் வெளிவரும் செய்தி பெரும்பாலும் ஒரே வாசகத்துடனேயே ஆரம்பமாகின்றது. ‘கிடைக்கப்பெற்ற இரகசியத் தகவலொன்றுக்கமைய’ என்பதே அவ்வாசகம். யார் கொடுத்த தகவல், எப்போது கொடுத்த தகவல், கொடுத்தவர் பின்னர் என்ன ஆனார் என்ற வினாக்களுக்கு அதில் இடமில்லை. தகவல் மழைபோல வானத்திலிருந்து கிடைத்தது போலவும் பொலிஸார் அதனைக் கையேந்தி வாங்கிக்கொண்டது போலவும் அவ்வசனம் அமைந்துவிடுகின்றது. இதே செய்தியை ஆங்கிலப் பத்திரிகையில் வாசிப்போர் அங்கு ‘டிப் ஓஃப்’ என்னும் சொற்றொடரைக் காண்பர். பேச்சு வழக்கிலிருந்து செய்தி வழக்குக்கு ஏறிய அச்சொல்லின் பொருளையும் பயன்பாட்டையும், அதற்கு நிகராகத் தமிழில் நாம் வழங்கும் சொற்களையும் இங்கு சற்று விரிவாக நோக்க விரும்புகின்றோம்.

‘டிப்’ என்னும் ஆங்கிலச் சொல் நமக்குப் புதியதன்று. ஹோட்டல் பணியாளருக்குக் கொடுக்கும் சில்லறையும் ‘டிப்ஸ்’தான், வாரப் பதிப்புகளில் வரும் சமையல் குறிப்பும் ‘டிப்ஸ்’தான். விரல் நுனி, பேனா நுனி என்ற பொருளும் அதற்குண்டு. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கள்வர்களும் நாடோடிகளும் தமக்குள் பேசிய குழூஉக்குறியில் ‘கொடு’, ‘கைமாற்று’ என்ற பொருளில் இச்சொல் வழங்கியது. 19ஆம் நூற்றாண்டில் குதிரைப் பந்தயத் திடல்களில், எந்தக் குதிரை வெல்லும் என்று காதோடு காதாகச் சொல்லப்படும் அந்தரங்கச் செய்தி ‘டிப்’ என்றாயிற்று. அந்நூற்றாண்டின் இறுதியில் ‘ஓஃப்’ என்னும் ஒட்டும் சேர்ந்துகொண்டது. பணிவிடையை விரைவுபடுத்தக் கொடுக்கப்படும் பணம் என்னும் ஆங்கில வாசகத்தின் முதலெழுத்துகள் சேர்ந்தே ‘டிப்’ உண்டாயிற்று என்றொரு கதை பரவலாகச் சொல்லப்படுகின்றது. சொல்லாராய்ச்சியாளர் எவரும் அதனை ஏற்பதில்லை.

இச்சொற்றொடர் வினையாகவும் பெயராகவும் வரும். ஒருவர் பொலிஸாரை ‘டிப் ஓஃப்’ செய்தார் என்றால், நடக்கவிருக்கும் ஒன்றைப் பற்றி அல்லது மறைக்கப்பட்டிருக்கும் ஒன்றைப் பற்றி அவர்களுக்கு மறைவாகத் தெரியப்படுத்தினார் என்பது பொருள். பெயராக வரும்போது அவ்வாறு சொல்லப்பட்ட செய்தியையே அது குறிக்கும். அகராதிகள் இதனைப் பேச்சு வழக்கு என்றே குறித்துவைத்துள்ள போதிலும் செய்தியாளரும் சட்டத்தரணிகளும் தயக்கமின்றிக் கையாள்கின்றனர். கூடைப்பந்தாட்டத்தில் ஆட்டம் தொடங்கும்போது நடுவர் பந்தை மேலே எறிவதற்கும் இதே பெயர் உண்டு. எமது ஆசிரிய பீடத்துக்குப் புதிதாக வந்த இளைஞர் ஒருவர் வெளிநாட்டுச் செய்தியொன்றை மொழிபெயர்க்கையில், ‘பொலிஸாருக்கு அன்பளிப்பு வழங்கப்பட்டதையடுத்துக் கைது இடம்பெற்றது’ என்று எழுதிவிட்டார். அச்சுக்குப் போகுமுன் அது கண்ணில் பட்டது. சிரித்துத் திருத்தினோம். எனினும், சில இடங்களில் அவ்வாக்கியம் முற்றிலும் பிழையானதாகவும் இருந்திராது!

வெளிப்படையான எச்சரிக்கைக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. கடல் கொந்தளிக்கும் என்று வளிமண்டலவியல் திணைக்களம் அறிவிப்பது எச்சரிக்கை. அதில் ஒளிவு மறைவு கிடையாது. தாம் பணிபுரியும் நிறுவனத்தின் ஊழலை வெளியுலகுக்கு எடுத்துரைப்பவர் வேறொரு வகையினர். அவர் பெரும்பாலும் தமது பெயரையும் முகத்தையும் முன்வைத்தே பேசுகின்றார். ‘டிப் ஓஃப்’ கொடுப்பவரோ தாம் யாரென்று தெரியக்கூடாது என்ற நம்பிக்கையின் பேரிலேயே வாய் திறக்கின்றார். அவருக்கும் கேட்பவருக்கும் இடையிலுள்ள அந்த நம்பிக்கை, நமது முஸ்லிம் வாசகர்களுக்கு நன்கு பழக்கமான சொல்லில் கூறுவதாயின், ஓர் அமானிதம்.

இன்னொன்றையும் கவனித்தல் வேண்டும். இச்சொல் இரு திசைகளிலும் செல்லக்கூடியது. குற்றவாளியைப் பற்றிப் பொலிஸாருக்குச் சொல்வதும் ‘டிப் ஓஃப்’. பொலிஸார் வருகின்றனர் என்று குற்றவாளிக்குச் சொல்லித் தப்பவைப்பதும் ‘டிப் ஓஃப்’. முற்றுகைக்குச் சென்ற குழு வெறும் பீப்பாய்களையும் ஆறிப்போன அடுப்பையும் கண்டு திரும்புமாயின், இரண்டாவது வகை முதலாவதை முந்திக்கொண்டது என்று அர்த்தம். வங்கித் துறையில் இவ்விரண்டாவது பொருளே நிலைபெற்றுள்ளது. சந்தேகத்துக்கிடமான கொடுக்கல் வாங்கல் ஒன்றைப் பற்றி வங்கி அறிக்கையிட்டிருப்பதை உரிய வாடிக்கையாளருக்குத் தெரியப்படுத்தலாகாது என்று 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதிக் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடல் சட்டம் தடை செய்கின்றது. ஒரு சொல், ஓரிடத்தில் குடிமகனின் கடமை. மற்றோரிடத்தில் தண்டனைக்குரிய குற்றம்.

தமிழுக்கு வருவோம். பேச்சுத் தமிழில் இதற்கு மிக நெருங்கிய வழக்கு ‘காதில் போட்டு வைத்தல்’ என்பதாகும். ‘சாடையாகச் சொன்னார்’ என்பதும் அருகில் வரும். எழுத்துத் தமிழில் ‘துப்பு’ என்னும் சொல் உண்டு. தமிழகத்தில் துப்புக் கொடுப்போருக்குச் சன்மானம் என்று சுவரொட்டி ஒட்டுவார்கள். துப்பறியும் கதைகளால் இச்சொல் நமக்கும் பழக்கமானதே. சுவையான சொல் இது. பழந்தமிழில் இதற்கு வலிமை என்று பொருள். வான்சிறப்பு அதிகாரத்தில் வள்ளுவர் இதனை உணவு என்னும் பொருளிலும் வைத்து விளையாடியிருக்கின்றார். கையாலாகாதவனைத் ‘துப்புக்கெட்டவன்’ என்று நமது தாய்மார் ஏசும்போது வலிமை என்ற பழம்பொருளே அங்கு ஒலிக்கின்றது. ஆகவே துப்புக் கிடைத்தும் துப்பில்லாதிருத்தல் என்பது தமிழில் வழுவன்று. அதற்கான உதாரணம் கீழே வருகின்றது.

‘ஒற்று’ இன்னும் பழைய சொல். ஒற்றாடல் என்று திருக்குறளில் ஓர் அதிகாரமே உண்டு. ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஒத்துப் பார்க்க வேண்டும் என்பது அதிலுள்ள அறிவுரைகளுள் ஒன்று. சிங்களப் பத்திரிகைகளில் இரகசியத் தகவலுக்கு ‘ஒத்துவ’ என்று எழுதுவதைப் பார்க்கும்போது அதுவும் நமது ஒற்றின் உறவினரே என்று எமக்குத் தோன்றுகின்றது. எனினும் ஒற்றர் என்பவர் அரசனால் அனுப்பப்பட்டவர். அது அவரது தொழில். தற்செயலாக ஒன்றைக் கண்ணுற்று, மனம் பொறுக்காமல் வந்து சொல்லும் சாதாரண மனிதரை அச்சொல் குறிக்காது.

அச்சாதாரண மனிதருக்குத் தமிழ் வைத்திருக்கும் பெயர்கள்தாம் நம்மை யோசிக்க வைக்கின்றன. கோள் சொல்பவர். போட்டுக் கொடுப்பவர். காட்டிக்கொடுப்பவர். இவற்றுள் ஒன்றாவது நல்ல பெயரில்லை. இவற்றோடு, எண்பதுகளில் வடக்கு கிழக்கில் முகத்தை மூடிக்கொண்டு வரிசையில் நின்றவர்களைப் பார்த்துத் தலையசைத்தவருக்கு மக்கள் வைத்த ‘தலையாட்டி’ என்ற பெயரும் சேர்ந்துகொண்டது. அத்தலையசைவில் அழிந்துபோன இளைஞர்கள் எத்தனையோ பேர். ஆதலால் அந்த வெறுப்புக்குக் காரணம் இல்லாமலில்லை. மறுபுறத்தில், காட்டிக்கொடுப்போர் என்ற முத்திரையைக் குத்தியே ஆயுதமேந்தியோர் மின்கம்பங்களில் கட்டிவைத்துச் சுட்டனர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் ஒட்டுமொத்தமாக வெளியேற்றப்பட்டபோது கூறப்பட்ட நியாயங்களில் ஒன்றும் இச்சொல்லேயாகும். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு இரண்டு மணித்தியாலங்களே அவகாசம் வழங்கப்பட்டது. அவ்வாறு வந்தவர்களில் பெருந்தொகையினர் புத்தளம் மாவட்டத்திலேயே குடியமர்ந்தனர். ஒரு சொல்லுக்கு எவ்வளவு பாரம் உண்டு என்பதைப் புத்தளத்து மண்ணுக்கு நாம் எடுத்துரைக்கத் தேவையில்லை.

அம்மாவட்டத்தில், புத்தளம் நகருக்கு வடக்கே, எலுவங்குளத்துக்குச் செல்லும் வழியில் உள்ளது வண்ணாத்திவில்லு. ‘வில்லு’ என்பது மணல்மேடு சூழ்ந்த, மழைநீர் தேங்கும் இயற்கையான தாழ்நிலக் குளம். வடக்கே கிடக்கும் வில்பத்து வனத்தின் பெயரும் இந்த வில்லுகளால் வந்ததுதான். மேற்கே களப்பும் கடலும். இடையே கலா ஓயாவின் முகத்துவாரமும் கண்டல் காடுகளும். தரையில் முந்திரியும் தென்னையும். சீமெந்துத் தொழிற்சாலைக்குச் சுண்ணாம்புக்கல் எடுக்கும் அறுவக்காடும் இப்பகுதியிலேயே உள்ளது. வீடுகள் ஐதாக உள்ள, அயலவர் கண் எட்டாத பெருந்தோட்டங்களைக் கொண்ட வறண்ட நிலம். எதையும் மறைத்துவைக்க வசதியான இடம் என்று எவரேனும் கருதியிருந்தால் அதில் வியப்பில்லை.

2018 டிசம்பர் இறுதியில் மாவனல்லைப் பகுதியில் புத்தர் சிலைகள் சேதப்படுத்தப்பட்டன. அது தொடர்பான விசாரணையைக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் முன்னெடுத்துச் செல்கையில், 2019 ஜனவரி நடுப்பகுதியில் அதன் அதிகாரிகள் வண்ணாத்திவில்லுவிலுள்ள சுமார் 80 ஏக்கர் தென்னந்தோட்டமொன்றை அடைந்தனர். அங்கு ஏறத்தாழ 100 கிலோ வெடிபொருட்களும் டெட்டனேட்டர்களும் இரசாயனப் பொருட்களும் கண்டெடுக்கப்பட்டன. நால்வர் கைது செய்யப்பட்டனர். சிலை உடைத்த விடயம் தென்னந்தோட்டத்து வெடிபொருளில் வந்து முடிந்தபோது, இது ஊர்ச் சண்டையன்று என்பது எவருக்கும் விளங்கியிருக்க வேண்டும். எல்லாப் பத்திரிகைகளிலும் செய்தி வந்தது. எமது பத்திரிகையிலும் வந்தது. அன்றிரவே அடுத்த செய்திக்குப் போய்விட்டோம் என்பதை ஒப்புக்கொள்ளுதல் வேண்டும்.

அந்தத் தோட்டம் வரை விசாரணை சென்றதில் முஸ்லிம்களின் உதவியும் இருந்தது. மாவனல்லையைச் சேர்ந்தவரும் அமைச்சர் ஒருவரின் இணைப்புச் செயலாளராகக் கடமையாற்றியவருமான ஒருவர், சிலை உடைப்புச் சம்பவத்தின் பின்னர் விசாரணையாளருக்குத் துணைநின்றார். வண்ணாத்திவில்லுத் தேடுதலிலும் உடன் சென்றார் எனப் பின்னர் வெளியான செய்திகள் கூறின. 2019 மார்ச் மாதத்தில் இரவு வேளையில் அவரது வீட்டுக்குள் நுழைந்தோர் உறக்கத்தில் இருந்த அவரைத் தலையில் சுட்டனர். அவர் உயிர் பிழைத்தாரெனினும் முன்போல் எழுந்து நடமாட இயலாதவரானார். சுட்டவர்களது பார்வையில் அவர் காட்டிக்கொடுத்தவர். உயிர்த்த ஞாயிறுக்கு இன்னும் ஆறு வாரங்கள் இருந்தன.

இது முதல் எச்சரிக்கையுமன்று. 2017 மார்ச் மாதத்தில் காத்தான்குடியில் ஸஹ்ரான் ஹாசிமின் குழுவினருக்கும் ஸூபி வழியைப் பின்பற்றுவோருக்கும் இடையில் கைகலப்பு மூண்டது. அதன் பின்னர் ஸஹ்ரான் தலைமறைவானார். அவரது உரைகளையும் நடவடிக்கைகளையும் பற்றி அவ்வூர் முஸ்லிம்கள் அதிகாரிகளிடம் முறையிட்டே வந்தனர். தாக்குதலுக்கு மூன்று ஆண்டுகள் முன்னரே இக்குழுவைப் பற்றிப் புலனாய்வு அதிகாரிகளிடம் தாம் எச்சரித்ததாக முஸ்லிம் கவுன்சிலின் துணைத் தலைவராயிருந்த ஹில்மி அஹமட்டும் பின்னர் ஊடகங்களுக்குத் தெரிவித்தார். இவையெல்லாம் காதில் போடப்பட்டவை. போடப்பட்ட காதுகள் யாருடையவை என்பதே வினா.

2019 ஏப்ரல் 4ஆம் திகதி இந்தியத் தரப்பிலிருந்து அரச புலனாய்வுச் சேவைக்கு ஒரு தகவல் கிடைத்தது. ஸஹ்ரானும் அவரது சகாக்களும் கத்தோலிக்கத் தேவாலயங்களையும் கொழும்பிலுள்ள இந்திய உயர் ஸ்தானிகராலயத்தையும் இலக்குவைத்துத் தற்கொலைத் தாக்குதல் நடத்தத் திட்டமிடுகின்றனர் என்பதே அதன் சாரம். பெயர் இருந்தது, முறை இருந்தது, இலக்கு இருந்தது. ஒற்றுத் தொழிலில் இதைவிடத் தெளிவான செய்தி அரிது எனலாம். அத்தகவல் கடிதமாக மாறிற்று. கடிதம் ஒரு மேசையிலிருந்து மற்றொரு மேசைக்குச் சென்றது. 9ஆம் திகதி பொலிஸ் மா அதிபருக்குப் போயிற்று. அவர் தமக்குக் கீழுள்ளோருக்கு அனுப்பினார். 11ஆம் திகதி பிரதிப் பொலிஸ் மா அதிபர் ஒருவரின் கையொப்பத்துடன் பிரமுகர் பாதுகாப்புப் பிரிவுகளுக்குச் சுற்றறிக்கை சென்றது. தேவாலயங்களுக்குச் செல்லவில்லை. பிரமுகர்கள் அறிந்திருந்தனர், பெரிய நாள் பூசைக்குக் குழந்தைகளை அழைத்துச் சென்றவர்கள் அறிந்திருக்கவில்லை.

16ஆம் திகதி காத்தான்குடிக்கு அண்மையில் மோட்டார் சைக்கிளொன்று வெடிக்கவைத்துப் பரீட்சிக்கப்பட்டது. 20ஆம் திகதி மீண்டும் தகவல் வந்தது. 21ஆம் திகதி காலையில் கொச்சிக்கடை புனித அந்தோனியார் தேவாலயத்திலும், கட்டுவப்பிட்டிய புனித செபஸ்தியார் தேவாலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் மூன்று ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 260க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்கள் அடங்கிய ஆயம் அடிப்படை உரிமை மீறல் மனுக்கள் மீது வழங்கிய தீர்ப்பு, இந்தச் சொல்லின் பொருள்விளக்கத்துக்கே ஒரு பாடமாக அமைந்தது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாவும், முன்னாள் பொலிஸ் மா அதிபர் பூஜித் ஜயசுந்தரவும் அரச புலனாய்வுச் சேவையின் முன்னாள் பணிப்பாளர் நிலந்த ஜயவர்தனவும் தலா 7½ கோடி ரூபாவும், முன்னாள் பாதுகாப்புச் செயலாளர் ஹேமசிறி பெர்னாண்டோ 5 கோடி ரூபாவும், தேசிய புலனாய்வுப் பிரதானியாயிருந்த சிசிர மெண்டிஸ் ஒரு கோடி ரூபாவும் தமது சொந்தப் பணத்திலிருந்து நட்டஈடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளிக்கப்பட்டது. தகவலைப் பெற்றுக்கொண்டதோடு ஒருவரது கடமை முடிவதில்லை. பெற்ற கணத்திலேயே அது தொடங்குகின்றது என்பதுதான் அத்தீர்ப்பின் அடிப்படை. தகவல் கொடுப்பவரை வகைவகையாக ஏசுவதற்குச் சொற்களைச் சேர்த்து வைத்திருக்கும் நமது மொழியில், பெற்றும் வாளாவிருந்தவரைக் குறிக்க ஒரு சொல் இல்லை என்பதை அன்று தலைப்பிட முயன்றபோதே உணர்ந்தோம்.

வெளிநாட்டுக் கதையொன்று இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 1605ஆம் ஆண்டு ஒக்டோபர் 26ஆம் திகதி இங்கிலாந்தில் மொன்டீகிள் பிரபுவின் வீட்டுக்குப் பெயரில்லாக் கடிதமொன்று வந்தது. பாராளுமன்றத் திறப்பு விழாவுக்குச் செல்லவேண்டாம் என்று அது பூடகமாகக் கூறியது. ‘டிப் ஓஃப்’ என்ற சொல் பிறப்பதற்கு முந்திய காலத்து ‘டிப் ஓஃப்’ அது. மொன்டீகிள் கடிதத்தை அரசிடம் ஒப்படைத்தார். நவம்பர் 4ஆம் திகதி நள்ளிரவை அண்டிப் பாராளுமன்றத்தின் கீழுள்ள நிலவறையில் 36 பீப்பாய் வெடிமருந்துடன் கை ஃபோக்ஸ் பிடிபட்டார். அங்கே காது கேட்டது, காரியமும் நடந்தது. ஆயினும் சதிசெய்தோர் கத்தோலிக்கர் என்பதால் அடுத்த ஆண்டே நாட்டிலுள்ள கத்தோலிக்கர் அனைவருக்கும் எதிராகச் சட்டங்கள் இறுக்கப்பட்டன. எச்சரித்த கடிதத்தை எழுதியவரும் ஒரு கத்தோலிக்கராகவே இருந்திருக்கக் கூடும் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. அது எவருக்கும் பயன்படவில்லை.

இங்கும் அவ்வாறே நடந்தது. 2019 மே 13ஆம் திகதி குருநாகல், கம்பஹா, புத்தளம் மாவட்டங்களில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. புத்தளம் மாவட்டத்துக் கொட்டாரமுல்லையில் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். முஸ்லிம்கள் அறிந்தும் மறைத்தனர் என்ற குற்றச்சாட்டு நாடெங்கும் ஒலித்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான், ஏப்ரல் 26ஆம் திகதி, சாய்ந்தமருதில் வாடகை வீடொன்றில் தங்கியிருந்த புதியவர்களைப் பற்றி ஊர் முஸ்லிம்களே சந்தேகங்கொண்டு தெரியப்படுத்த, பாதுகாப்புத் தரப்பினர் அவ்வீட்டைச் சுற்றிவளைத்தனர். உள்ளே இருந்தவர்கள் குண்டுகளை வெடிக்கவைத்துத் தாமும் மாண்டு குழந்தைகளையும் கொன்றனர். அவர்கள் அங்கிருந்து வெளியேறியிருப்பின் இன்னொரு நகரில் என்ன நேர்ந்திருக்குமோ என்பதை எண்ணிப் பார்க்கவும் அச்சமாயிருக்கின்றது. அச்செய்தியிலும் நாம் ‘கிடைக்கப்பெற்ற தகவலொன்றுக்கமைய’ என்றே எழுதினோம். கொடுத்தவர்கள் யார் என்பதை அவ்வசனம் விழுங்கிவிட்டது. தனிமனிதரின் பெயரை மறைப்பது அவரது உயிரைக் காப்பதற்கு. ஊராரின் செயலை மறைப்பதற்கு அந்நியாயம் பொருந்தாது.

மார்க்க அறிஞர்கள் இதில் தெளிவான வரம்பிட்டிருக்கின்றனர். கோள் சொல்லுதலும் புறம் பேசுதலும் பெரும் பாவங்கள் என்பதை எந்த முஸ்லிம் வீட்டுப் பிள்ளையும் அறியும். எனினும் இமாம் நவவி அவர்கள் தமது ‘ரியாளுஸ் ஸாலிஹீன்’ என்னும் தொகுப்பில் ஒருவரது குறையைப் பிறரிடம் எடுத்துரைக்க அனுமதியுள்ள ஆறு சந்தர்ப்பங்களைக் கூறியுள்ளார்கள். தீமையைத் தடுக்க உதவி கோருவதும், தீங்கிலிருந்து மக்களை எச்சரிப்பதும் அவற்றுள் அடங்கும். மூஸா நபியைக் கொல்லப் பிரதானிகள் ஆலோசிக்கின்றனர் என்று நகரின் கோடியிலிருந்து ஒரு மனிதர் ஓடிவந்து சொன்ன வரலாற்றைக் குர்ஆனின் கஸஸ் அத்தியாயத்தில் காண்கின்றோம். அவரது பெயர் அங்கு கூறப்படவில்லை. ஓடிவந்தார் என்பதே கூறப்பட்டுள்ளது. எதிர்த்திசையிலான உதாரணமும் உண்டு. மக்கா வெற்றிக்கு முன்னர் படை வருவதை மக்காவாசிகளுக்கு அறிவிக்க ஹாத்திப் இப்னு அபீ பல்தஆ (ரழி) எழுதிய கடிதம் வழியில் கைப்பற்றப்பட்டது. அவர் பத்ரில் பங்குகொண்டவர் என்பதால் மன்னிக்கப்பட்டார். இரு நிகழ்வுகளிலும் செயல் ஒன்றே. யாரைக் காக்க, யாருக்குச் சொல்லப்பட்டது என்பதில்தான் வேறுபாடு.

பொய்த் தகவலைப் பற்றியும் ஒரு வார்த்தை கூறாது விடின் இக்கட்டுரை ஒருபக்கச் சார்பானதாகிவிடும். செய்தியொன்று வந்தால் தீர விசாரியுங்கள் என்ற ஹுஜுராத் அத்தியாயத்தின் கட்டளையும், ஒற்றைக் கொண்டு ஒற்றைச் சோதிக்கச் சொன்ன வள்ளுவரின் அறிவுரையும் 2019 மே மாதத்தில் இந்நாட்டில் மறக்கப்பட்டிருந்தன. ஹசலக்கப் பகுதியில் முஸ்லிம் பெண்ணொருவர் அணிந்திருந்த ஆடையிலிருந்த சித்திரம் தர்மச் சக்கரம் எனக் கூறப்பட்டு அவர் கைதாகி விளக்கமறியலில் வைக்கப்பட்டார். அதுவோ கப்பலின் சுக்கான் சக்கரம். அத்தகைய தகவல்களும் ‘கிடைக்கப்பெற்றவை’யே. ஏப்ரல் 4ஆம் திகதியின் தகவலுக்கு அசையாத இயந்திரம் இத்தகைய தகவல்களுக்கு மாத்திரம் வெகு வேகமாக இயங்கியதை நாம் எல்லோரும் கண்டோம். அயலவர்மீதுள்ள பகையும் வியாபாரப் போட்டியும் தொலைபேசியில் குரல் மாற்றிப் பேசும்போது, அவற்றைத் ‘துப்பு’ என்று எழுதுவது அச்சொல்லுக்கே இழுக்காகும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, குற்றச் செயல்களுக்குப் பலியானவர்களுக்கும் சாட்சிகளுக்கும் உதவியும் பாதுகாப்பும் வழங்கும் சட்டம் 2015இல் முதன்முறையாக இயற்றப்பட்டு, 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தினால் பதிலீடு செய்யப்பட்டுள்ளது. மாவனல்லையில் அந்த மனிதர் சுடப்பட்டபோது 2015ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் இருந்தது. ஆனால் அவரது வீட்டுக் கதவுக்கு அது வந்து சேரவில்லை.

இனி வழக்காற்றைப் பற்றிய எமது முடிவு. ‘டிப் ஓஃப்’ என்பதைத் தமிழெழுத்தில் அப்படியே எழுதுவது தேவையற்றது. குற்றம் நிகழ்ந்த பின்னர் அதனைக் கண்டுபிடிக்க உதவும் தகவலைத் ‘துப்பு’ என்றும், நிகழுமுன் தடுக்கும் நோக்குடன் மறைவாகச் சொல்லப்படுவதை ‘இரகசிய முன்னெச்சரிக்கை’ என்றும், குற்றவாளிக்குத் தகவல் கொடுத்துத் தப்பவைப்பதைத் ‘தகவல் கசிவு’ என்றும் எழுதலாம். மூன்றாவது சொல் எமக்கே முழுத் திருப்தியைத் தரவில்லை. வாசகர்கள் நல்லதொன்றைக் கூறின் ஏற்றுக்கொள்வோம். பெயர் கூற இயலாதவிடத்து ‘அப்பகுதி மக்கள் தெரியப்படுத்தியதையடுத்து’ என்று செய்வினையில் எழுதுதல் வேண்டும். அதிகாரிகள் அதனை எத்திகதியில் பெற்றனர், எத்திகதியில் செயற்பட்டனர் என்ற இரண்டையும் சேர்த்தே கேட்டு எழுதுமாறு எமது செய்தியாளருக்கு அறிவுறுத்தியுள்ளோம். உயிரைக் காக்கவென வந்து சொன்ன ஒருவரைக் ‘காட்டிக்கொடுத்தவர்’ என்று இப்பத்திரிகையின் எந்தப் பக்கத்திலாவது காணும் வாசகர், அதனைச் சுட்டிக்காட்டி எமக்கு எழுதலாம். அவரது பெயரை வெளியிடமாட்டோம்.